மூத்தவளுக்கு வைத்த எறா

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்த சட்டதிட்டம் தாலுகா ஆபீசில்கூட இருந்திருக்காது. இருட்டின பிறகு கீரை கூடாது. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று மோர் கூடாது. அமாவாசையன்று மீன் வாசமே கூடாது. உச்சிவெயிலில் கழனிக்குக் கறிச்சோறு எடுத்துப் போனால் தூக்குச்சட்டியின் மூடிமேல் ஒரு கரித்துண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரிக்கரையில் இருப்பது எதுவோ அது சோற்று வாசத்துக்குக் கூடவே வந்துவிடும். கவரைப்பேட்டைப் பக்கத்தில் என் பிறந்த வீட்டிலும் இப்படி நாலைந்து உண்டு. அதனால் நான் பெரிதாக மிரளவில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டே அடுப்பிலிருந்து கரித்துண்டைப் பொறுக்கி வைப்பேன்.

ஒரே ஒரு சட்டம்தான் எனக்குப் புதிது. அந்த வீட்டில் எறா, அதாவது இறால், சமைக்கக் கூடாது. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து தெருத்தெருவாக மீன் விற்கும் கூடைக்காரி, எங்கள் வாசலுக்கு வருமுன்பே கூடையில் எறா இருந்தால் ஈரத்துணியால் மூடிவிடுவாள். வந்த புதிதில் நான் துணியை விலக்கப் போனேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அது மூத்தவளோடது. நம்ப தொடக்கூடாது."

மூத்தவள் என்றது என் கணவரின் முதல் மனைவியை. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு ஆறுமுன்பே போய்விட்டாள். பெண் குழந்தை மட்டும் தங்கியது. என் ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று வந்த வரனெல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நேரம்; இரண்டாந்தாரமாக என்னைக் கேட்டு வந்தார்கள். தாலி கட்டும்போது அதே கயிற்றில் அவள் பெயருக்கும் ஒரு தங்கக் குண்டு கோத்தார்கள். இரண்டாவதாக வருகிறவள் மூத்தவளையும் கழுத்தில் சுமக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். குனிந்து கோலம் போட்டால் அவள் குண்டும் என் குண்டும் மோதி ஒரு சின்னச் சத்தம் வரும். முதல் சில மாதம் யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறேன்.

மாமியார் சொன்ன கதை இதுதான். பிறந்த வீட்டில் தாயில்லாத பெண் என்பதால் மூத்தவளுக்குப் பிரசவம் இங்கேயே நடந்தது. பத்தியத்தில் இருக்கும்போதே எறா வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கேட்டாளாம். ஆக்கிக் கொடுத்தார்களாம். சாப்பிட்ட கையோடு முகம் வீங்கி, மூச்சு முட்டி, அன்றைக்கே முடிந்துவிட்டது. ஆசையோடு போனவள், அதனால் எறா அவளுடையது. வருஷம் முழுக்க நாங்கள் யாரும் தொடக்கூடாது. தை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளைப் பூவாடைக்காரியாக வீட்டுக்கு அழைத்து, அவளுக்கு எறா படைக்க வேண்டும்.

சுமங்கலியாகச் செத்தவள் பூவாடைக்காரி என்ற தெய்வமாகிவிடுவாள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் செத்தவளின் சமையலறையில், செத்தவளின் கரண்டியைப் பிடித்து, செத்தவளுக்கே சமைப்பது வேறு மாதிரி இருந்தது.

முதல் வருஷத்துப் படையலை மறக்க முடியாது. சோழவரம் ஏரியில் ஒரு புதுக்குடத்தில் தண்ணீர் மொண்டு, கழுத்து நிறையப் பூச்சுற்றி, தலையில் தூக்கி வந்தார்கள். கூடத்துச் சுவரோரம் அதை வைத்து, புதுச்சேலையைக் கொசுவம் வைத்து அதற்குச் சுற்றினார் மாமியார். கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. தூரத்தில், பழைய விமான ஓடுதளத்தில், பந்தயக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. தை, மாசி ஞாயிறுகளில் அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம்; ஏரிக்கு அந்தப் பக்கம் யாரோ நாள் முழுக்கச் சேலையைக் கிழித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். புகைக்குள் பார்த்தால், சுவரோரம் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். குடம்தான் என்று தெரிந்தும் என் கை தானாகத் தாலியைப் பிடித்தது.

இலையில் சோறும் எறாக்குழம்பும் எறா வறுவலும் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகு, முதல் வாயைக் குழந்தைக்கு ஊட்ட வேண்டும். தாய் மகள் வழியாகத்தான் சாப்பிடுவாள். அப்போது அதற்கு மூன்று வயது முடிந்திருந்தது. மாமியார் ஊட்டினார். குழந்தை மென்று விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் உதட்டை நாக்கால் தடவியது. உதடு தடித்தது. கண் இமை உப்பியது. அப்புறம் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் கேட்டது.

"வந்துட்டா," என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும் கும்பிட்டார்கள். நானும்தான் கும்பிட்டேன். குழந்தையின் முகம் போய் வேறொரு முகம் வந்திருந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன். மாமியார் அதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, நல்லா கீறியா? எம்மேல கோவமா? ஒரு வார்த்த பேசேன்," என்று கெஞ்சினார். குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது. "பேச வராம தவிக்கிறா பாரு," என்று அழுதார். நான் சொம்பை எடுத்தேன். தண்ணீர் பட்டால் வந்தவள் மலையேறிவிடுவாள் என்று ஒருத்தி என் கையிலிருந்து அதை வாங்கிவிட்டாள். வீக்கம் வடிய அந்தி சாய்ந்துவிட்டது.

அடுத்த வருஷம் உதடு நீலம் பாரித்தது. விசில் சத்தம் பாதியில் நின்று, திரும்ப வர வெகுநேரம் ஆனது. வருஷத்துக்கு வருஷம் நெருங்கி வருகிறாள் என்று மாமியாருக்கு ஒரே பூரிப்பு. அதற்குள் அந்தக் குழந்தை என்னைச் 'சின்னம்மா' என்று கூப்பிட்டு, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். மூத்தவள் பார்க்க வருகிறாளா, கூட்டிப்போக வருகிறாளா? என் சந்தேகம் அதுதான். சக்களத்தி மேல் பயம் இருப்பது சகஜம். எனக்கு இருந்தது பயம் இல்லை, கோபம். செத்தும் உனக்குத் திருப்தி வரவில்லையா என்று படையல் சேலை வைத்திருந்த பெட்டியைப் பார்த்து மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அந்தத் தீபாவளிக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே எறாவுக்குத் தடையில்லை. அம்மா கத்திரிக்காய் போட்டு எறாக்குழம்பு வைத்திருந்தாள். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தைக்குச் சோறு போட்டிருக்கிறாள். விசில் சத்தம் கேட்டு நான் ஈரக்கையோடு உள்ளே ஓடினேன். அதே உதடு. அதே இமை. குடம் இல்லை, பூ இல்லை, சாம்பிராணி இல்லை. தை மாதமும் இல்லை.

அந்த நிமிஷம் எனக்கு இரண்டு எண்ணம் ஒன்றாக வந்தது. ஒன்று, மூத்தவள் எங்கள் பின்னாலேயே பஸ்ஸேறிக் கவரைப்பேட்டைக்கு வந்துவிட்டாள். இரண்டாவதை என் அம்மா வாயால் சொன்னாள்.

"இதுக்கு எறா ஒத்துக்கலடி. சில ஒடம்புக்கு அப்டித்தான்."

இரண்டில் எது உண்மையானாலும் குழந்தைக்கு ஆபத்துதான்; வீக்கம் வடியும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை. ஊர் திரும்பியதும், மூத்தவள் எறா சாப்பிடுவாளா என்று கணவரிடம் கேட்டேன். நெல் மூட்டை தைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அவளா? எறாவ தொடவே மாட்டாளே. உரிச்சா கை அரிக்குதுன்னு சொறிஞ்சிக்கினே இருப்பா."

"அப்புறம் ஏன் ஆசப்பட்டுக் கேட்டாங்கன்றாங்க?"

"அம்மாதான் சொல்லிச்சி. நான் அன்னிக்கி பொன்னேரிக்குப் போயிருந்தேன்." சாக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து கழனிப் பக்கம் போய்விட்டார்.

நான் மாமியாரிடம் போனேன். இந்தத் தையில் குழந்தைக்கு எறா ஊட்ட வேண்டாம், உயிருக்கே ஆபத்து என்று நேராகச் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"பெத்தவ பொண்ண பாக்க வர்றா. குறுக்க நிக்க நீ யாருடி?"

நான் யார்? இரண்டாந்தாரம். என் வார்த்தையை வாசல் கோழிகூட மதிக்காது. அந்த வீட்டில் மாமியாருக்கு மேல் ஒரு வார்த்தை உண்டென்றால் அது மூத்தவளின் வார்த்தைதான். இதை யோசித்தபடி குனிந்து வீடு பெருக்கிக்கொண்டிருந்தேன். குண்டும் குண்டும் மோதின. அப்போதுதான் எனக்கு அந்த வழி தோன்றியது.

தை ஞாயிறு வந்தது. காற்றே இல்லை. கார்ச் சத்தம் மட்டும் வந்து வந்து போனது. குடத்துக்குச் சேலை கட்டியாயிற்று. எறாக்குழம்பை நான்தான் வைத்தேன். குழந்தை இலைமுன் உட்கார்ந்து என்னையே பார்த்தது. போன வருஷத்து ஞாபகம் அதற்கு இருந்திருக்க வேண்டும், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. மாமியார் சோற்றைப் பிசைந்து, ஒரு எறாவை வைத்து உருட்டி, கையை நீட்டினார்.

நான் தலைமுடியை அவிழ்த்துவிட்டேன். சாமியாடும் பெண்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவளுக்கு ஆடத் தெரியாதா? உடம்பை உலுக்கி, ஒரு கூச்சல் போட்டு, அந்தக் கையைப் பிடித்துச் சோற்றைத் தட்டிவிட்டேன். சொல்ல வேண்டியதைப் பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"எம் பொண்ணுக்கு எறா குடுக்காதீங்க. எனக்கும் வேணாம். எப்பவும் வேணாம்."

மாமியார் என் முகத்துக்கு நேரே வந்தார். அவர் கண்ணில் எனக்கு அதுவரை காணக் கிடைக்காத ஒரு அன்பு இருந்தது. அது எனக்கானது இல்லை.

"அப்ப உனக்கு இன்னாதான் வேணும் அம்மாடி?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். தொண்டை காய்ந்துபோயிருந்தது. ஆடின ஆட்டமா, புகையா, தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, எச்சில்கூட இறங்கவில்லை. கடைசியில் வந்தது ஒரே ஒரு வார்த்தை. என் குரல் மாதிரியே இல்லை.

"தண்ணி."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ, தண்ணீர் கொடுத்தால் மலையேறிவிடுவாள் என்று முணுமுணுத்தார்கள். அவர் காதில் விழவில்லை. கையை ஊன்றி எழுந்து, உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். தளும்பித் தளும்பி வழியெல்லாம் சிந்தியது.

"கேட்டுக்கினே இருந்தியே," என்றார். "பச்ச ஒடம்பு, தண்ணி குடுத்தா ஜன்னி கண்டுடும்னு நான் ஒரு வாய் குடுக்கல. பால் ஊறலயேன்னு சுறா தேடினேன், அன்னிக்கி சுறா கெடைக்கல. வேணாம் வேணாம்னு சொன்ன, நான்தான் எறாவ ஊட்டினேன். நீ கேட்டது தண்ணிதான். குடிம்மா."

பத்து வீட்டு ஜனம் நின்றிருந்தது. என் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொம்பை வாங்கிக் குடித்தேன். முழுசும் குடித்தேன். போதவில்லை. இன்னொரு சொம்பு வந்தது, அதையும் குடித்தேன். அதற்குப் பிறகும் தாகம் அடங்காமல், படையலுக்கு வைத்த குடத்துத் தண்ணீரையே மொண்டு கொடுத்தார்கள். நடிக்கத்தான் எழுந்தேன், அது சத்தியம். ஆனால் அந்தத் தாகத்தை நான் நடிக்கவில்லை. அப்படி ஒரு தாகம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. தண்ணீர் யார் வேண்டுமானாலும் கேட்பார்கள் என்று எனக்கே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தை அன்றைக்கு வெறும் சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டது. அதன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூச்சு சீராக வந்து போனது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படையலில் எறா இல்லை. ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மட்டும் வைப்போம். அன்று நடந்ததைப் பற்றி மாமியார் ஒரு வார்த்தை பேசியதில்லை. கீரைச் சட்டம், மோர்ச் சட்டம், கரித்துண்டுச் சட்டம் எல்லாம் அப்படியே இருந்தன. என்னைத் திட்டுவதும் அப்படியே இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் எனக்குப் பிரசவம். தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். பேய்மழையில் பாதை அறுந்து பஸ் நின்றுவிட, நாள் தள்ளி வரவேண்டிய வலி முன்னாலேயே வந்துவிட்டது. மூத்தவள் கிடந்த அதே அறையில், அதே மூலையில் என்னையும் போட்டார்கள். பிள்ளை பிறந்தது. மறுநாள் நடுப்பகலில் தொண்டை வறண்டது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்ற சட்டம் ஊரிலேயே யாரும் மீறாதது. நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் அது என் குரலில் வருமா என்று பயம்.

மாமியார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் சொம்பு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். என் கைக்கு எட்டுகிற இடத்தில் அதை வைத்தார். அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னை 'ஏ பொண்ணு' என்றும் 'இந்தாடி' என்றும்தான் கூப்பிட்டவர். அன்று என் தலையைத் தடவி, தாலிக்கயிற்றில் மூத்தவளின் குண்டை விரலால் தேடி எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"குடி அம்மாடி," என்றார்.

நான் இரண்டு பேருக்குமாகக் குடித்தேன்.