சிங்கப்பூரில் பாஸ் இல்லாத ஒரு விருந்தாளி

சனிக்கிழமை காலை திருச்சியில் ஏறிய விமானம் நாலரை மணி நேரத்தில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியது. அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தூத்துக்குடியில் ஹாலோ பிளாக் கல் போட்டு விற்று, இன்றைக்கு மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். கடவுச்சீட்டை வைத்தேன், கட்டை விரலை வைத்தேன், கதவு தானாகத் திறந்தது. நம் ஊர்ப் பத்திர ஆபீசில் இந்த மரியாதை எனக்கே கிடைத்ததில்லை.

மகள் கிருபாவும் மாப்பிள்ளை ஜெபராஜும் ஜூரோங்கில் அடுக்குமாடி வீட்டில், ஆறாவது மாடியில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன்.

ஞாயிறு காலை எம்ஆர்டி ரயிலில் புறப்பட்டு, ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். மல்லிகை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. தேத்தண்ணி ஒரு வெள்ளி அறுபது காசு; டாலரை அங்கே வெள்ளி என்கிறார்கள். நம் பணத்தில் நூறு ரூபாயைத் தாண்டும். குடித்தேன்; நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்குச் சர்ச்சில் தமிழ் ஆராதனை. புதிதாக வந்தவர்கள் எழுந்து பெயரும் ஊரும் சொல்ல வேண்டும் என்பது நம் சபைகளில் உள்ள வழக்கம் அல்லவா, அங்கேயும் உண்டு. எழுந்து, லாரி வரைக்கும் விலாவாரியாகச் சொன்னேன். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்தே உட்கார்ந்திருந்தார். பாட்டுப் பாடும்போதே அவர் பேச்சு நம் பக்கத்துப் பேச்சு என்று கண்டுபிடித்திருந்தேன். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன்.

"இந்தத் தம்பியும் புதுசுதான். நம்ம ஊருப் பக்கம்!"

"பிரைஸ் தி லார்ட் தம்பி. எந்தக் கம்பெனி? துவாஸ் தொழிற்பேட்டையா?" என்றார் முன்வரிசை அம்மா ஒருவர்.

தம்பி என் கையை விடுவித்துக்கொண்டார். "வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே ஓடினேன். நடைபாதையில் வைத்துத்தான் பிடிக்க முடிந்தது.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுனீங்க? எனக்கு வேலை பாக்கக் குடுத்த பாஸ் முடிஞ்சு போச்சு. கம்பெனி ஊருக்கு டிக்கெட் போட்டுக் குடுத்தது. இன்னும் கொஞ்ச நாள் எங்கயாவது வேலை பார்த்துட்டுப் போலாம்னு ஏறாம இருந்துட்டேன். இப்ப காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போக முடியல. சீருடையைப் பார்த்தாலே வேற தெருவுல திரும்பி ஓடுறேன்."

அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. அது அவர் கேட்டுக்கொண்டது.

சமாதானம் சொல்லி அவரை உள்ளே கூட்டிவந்தேன். ஆராதனை முடிந்ததும் விஷயம் கேட்டுப் போதகர் எங்களைத் தம் அறையில் உட்கார வைத்தார். நான் யோசிக்கவே இல்லை.

"கிருபா வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. தம்பி அங்க இருக்கட்டும்."

மாப்பிள்ளை தலையாட்டவில்லை. "மாமா, பாஸ் இல்லாத ஆளைத் தங்க வச்சா எனக்கும் ஜெயில்தான். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு நாம படிச்சிருக்கோம்லா?"

"ஏரோது ராஜாவுக்குப் பயந்து கைக்குழந்தையா இருந்த ஆண்டவரைத் தூக்கிக்கிட்டு எகிப்துக்கு ஓடுனாங்களே, அங்க எவன் பாஸ் கேட்டான் மாப்பிள்ளை?"

"அது எனக்குத் தெரியாது மாமா. இங்க கேப்பாங்க."

போதகர் சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் வேதத்தைத்தான் பேசுறீங்க. தம்பிக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே?"

தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒளிய இடம் வேண்டாம் ஐயா. ஒளிஞ்சு சலிச்சிட்டு. நானே போய்ச் சொல்லிறணும். தனியாப் போக நெஞ்சு துணியல. கூட யாராவது வருவாங்களான்னு கேக்கத்தான் இங்க வந்தேன்."

திங்கள் காலை எட்டு மணிக்குக் குடிநுழைவு அலுவலகம் என்கிற இமிக்ரேஷன் ஆபீஸ் வாசலில் சந்திப்பது என்று முடிவானது. சொன்ன நேரத்துக்குப் போதகரும் நானும் போய்விட்டோம். கொஞ்சம் தள்ளி மாப்பிள்ளை நின்றிருந்தார். வேலைக்கு லீவு போட்டிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

"வருவார்னு நினைக்கிறீங்களா மாமா?"

நேற்று நான் பண்ணிய கூத்துக்கு ஓடிப்போயிருந்தாலும் குறை சொல்ல முடியாது. எட்டரை ஆனது. ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

உள்ளே விசாரணை மதியம் தாண்டியும் நடந்தது. ஒருவழியாகத் தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். வழக்கு முடியும்வரை வெளியே இருக்க வேண்டுமானால் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்.

"நான் நிக்கேன். மூணு லாரி இருக்கு."

"அங்கிள், நீங்களே சோஷியல் விசிட்ல வந்தவர்லா. இங்க நிரந்தரமா இருக்கிறவங்கதான் நிக்கணும்."

போதகரும் தமிழ்நாட்டிலிருந்து பாஸில் வந்தவர்தான். அவராலும் முடியாது. மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நீங்க ஓடிட்டா என் கழுத்துல விழும். தெரியும்ல?"

"ஓடுறவனா இருந்தா இங்க வருவேனா அண்ணே?"

தம்பிக்குத் தற்காலிக அனுமதிச்சீட்டு ஒன்று கொடுத்தார்கள். "இனிமே இவரைத் தங்க வைக்கலாமா சார்?" என்று மாப்பிள்ளை கேட்டார். "வைக்கலாம். அட்ரஸ் எழுதுங்க" என்றார் அதிகாரி. ஆறாவது மாடி விலாசத்தை மாப்பிள்ளை தம் கையாலேயே எழுதினார். அன்று ராத்திரி கிருபா மீன் குழம்பு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பினேன். தம்பியின் வழக்கு முடியவில்லை. தண்டனை உண்டு, ஊருக்கு அனுப்புவதும் நிச்சயம். நம் ஊராக இருந்தால் அவரை என் கோடவுனில் ஒளித்து வைத்து, பெரிய தர்மம் செய்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். அவர் அதற்குள்ளேயே கிடந்திருப்பார். ஞாயிறு ராத்திரி மாப்பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

என் பெட்டியைத் தம்பிதான் கீழே இறக்கினார். ரோந்து வந்த இரண்டு போலீஸ்காரர்கள் தூண் பக்கத்தில் நின்றார்கள். எனக்குத்தான் திக்கென்றது. அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு அவர்கள் முன்னாலேயே நடந்துபோய், சாலையோரம் நின்று கையைத் தூக்கிச் சத்தமாகக் கூப்பிட்டார்:

"அண்ணாச்சி, டாக்சி வந்துட்டு!"