கம்பளியை ஓடையில் விடச் சொன்னேன்

மிளாவைச் சோலைக்குள் முழுசாகப் பார்க்க முடியாது. மாடு அளவு மான்தான், ஆனாலும் தெரியாது. அதன் தோலும் நனைந்த மரப்பட்டையும் ஒரே நிறம். உடம்பைத் தேடுகிறவன் கண் வலித்துத் திரும்புவான். குனிந்து, இலைக்குக் கீழே கால்களைத் தேட வேண்டும். மரமெல்லாம் நேராக நிற்கிற இடத்தில் படுக்கையாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகு. அப்போதும் பொறுக்க வேண்டும். நாலு காலையும் எண்ணிய பிறகுதான் துப்பாக்கி விசையில் விரல் வைக்கலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் எண்ணாமல் விரல் வைத்தேன்.

அப்போது வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் இருக்கும். மான் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. எங்களுக்கும் தெரியும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். கறி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தின்போம்.

என் மகளுக்கு முதல் முடியெடுப்பு. அடுத்த ஞாயிறு என்று வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போட வேண்டும். என் மனைவிக்கு இருந்தது ஒரே அண்ணன். தாயும் தகப்பனும் ஒரே மழையில் மண் சரிந்து போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

மச்சான் அடுத்த மலையில் ஏலத்தோட்டக் காவல். யானை விரட்ட முதலாளி கொடுத்த கேப்புத் துப்பாக்கி அவரிடம் இருந்தது. குழல் வாய் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் இடித்து, பின்னால் கேப்பு என்கிற சின்ன வெடிமூடி வைத்துச் சுடுவது. ஒரு வெடிதான். அடுத்ததற்குத் திரும்ப இடிக்க வேண்டும். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். அதனால் மிளாவைக் கிளப்புவது அவர், சுடுவது நான்.

முடியெடுப்புக்கு லயம் முழுக்கச் சாப்பிடச் சொல்லியாயிற்று. கறி வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு கிளம்பினோம்.

மச்சானுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்து அன்றைக்குத்தான் விட்டிருந்தது. வெளியே ஐப்பசி மழை. மனைவி தன் கம்பளியை எடுத்து அவருக்குக் கொங்காணி போட்டுவிட்டாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் போடுகிற மாதிரி, உச்சியில் கூராக மடித்துத் தலையிலிருந்து முதுகுக்குத் தொங்க விடுவது.

"கம்பளி வேண்டாம் மச்சான்," என்றேன். "நனைஞ்சா வாடை மலை தாண்டிப் போகும். நெறமும் மிளா நெறம்."

"நல்லதுதானே மாப்ள. என்னைப் பாத்துட்டு, அண்ணாச்சி வந்திருக்காகன்னு அதுவே கிட்ட வரும்."

"அண்ணன் தலை நனையக் கூடாது. நீங்க பேசாம இருங்க," என்றாள் மனைவி.

"சரி தாயி, சண்டை வேண்டாம். ஓடை வரைக்கும் போட்டுக்கிடுதேன். அங்கன பாறைக்கடியில வச்சிருதேன். போதுமா மாப்ள?"

போதும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வரணும்."

சோலைக்குள் காற்றுதான் முதல் கணக்கு. பீடிப் புகை விட்டுக் காற்றுப் பார்க்கக் கூடாது, அந்த வாடை மிளாவுக்குப் போய்விடும். அடுப்புச் சாம்பலை ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொள்வேன். முடிச்சை ஒரு தட்டுத் தட்டினால் தூள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் என் வாடை போகிறது. காலையில் குளிருக்குக் காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறினால் அதுவும் ஏறும். மழை நாளில் எதையும் நம்ப முடியாது. பத்து அடிக்கு ஒரு தடவை தட்ட வேண்டும்.

ஓடையில் பிரிந்தோம். நான் மேலே ஏறி மிளாத் தடத்தில் உட்கார வேண்டும். மச்சான் கீழே சுற்றிப் போய் மெதுவாக ஏறி வர வேண்டும். அவர் வாடை பட்டு மிளா எழுந்து மேலே நடக்கும், என் முன்னால் வரும். பாதிச் சரிவில் பிளந்த பாறை ஒன்று உண்டு. அதைத் தாண்டி அவர் வரக் கூடாது. வந்தால் அருவாள் பிடியால் மரத்தில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். எத்தனையோ தடவை இப்படித்தான் செய்திருக்கிறோம்.

கம்பளியை அவர் கழற்றுகிறாரா என்று நான் நின்று பார்க்கவில்லை.

ஈர இலை காலடியில் சத்தம் போடாது. மூன்று எட்டு வைத்து நின்றேன். மிளாவும் அப்படித்தான் நடக்கும். காலில் புகையிலைத் தண்ணீர் தடவியிருந்தும் அட்டைகள் ஏறின. இடத்துக்குப் போய் உட்கார்ந்ததும் ஒரு தப்புச் செய்தேன். கேப்பு நனையாமல் இருக்க உர மூட்டைப் பிளாஸ்டிக்கைச் சுற்றியிருந்தோம். மிளா வரும்போது அது சலசலக்கும் என்று முன்கூட்டியே அவிழ்த்துவிட்டேன். தலைக்கு மேலே கிளை சொட்டிக்கொண்டிருந்தது.

பனிமூட்டம் இறங்கியது. இருபது அடிக்கு மேல் மரம் தெரியவில்லை. சாம்பலைத் தட்டினேன். தூள் என் முகத்துக்கே வந்தது. காற்று கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தது. நல்லது என்று நினைத்தேன்.

வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழே பெரணிச் செடிகள் அசைந்தன. நின்றன. திரும்ப அசைந்தன. மூன்று எட்டு, நிற்பு. மூட்டத்துக்குள் ஒரு கரும்பழுப்பு முதுகு தெரிந்தது. படுக்கைக் கோடு. அதன் மேலே கூராக ஒன்று, காது மாதிரி. மரத்தில் தட்டு இல்லை. பெரணி இடுப்பு உயரம், கால் தெரியவில்லை.

கால் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கறி வேண்டும் என்பதும் தெரிந்தது. விசையை இழுத்தேன்.

'டிக்' என்றது. கேப்பு மட்டும் வெடித்தது. மருந்து பிடிக்கவில்லை.

ஈர மருந்து அப்படி மக்கர் பண்ணினால் துப்பாக்கியை அசைக்கக் கூடாது. மருந்து மெல்லத் தீப்பிடித்து எந்நேரமும் வெடிக்கலாம். குறியிலேயே வைத்துப் பத்து எண்ண வேண்டும். எண்ணினேன். ஒன்று. அந்த முதுகு அசையாமல் நின்றது. மிளா என்றால் அந்தச் சத்தத்துக்குப் பாய்ந்திருக்கும். இரண்டு. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்று எண்ணும்போது அது இருமியது.

குழலை மேலே தூக்கினேன். தூக்கும்போதே வெடித்தது. புகையில் ஒன்றும் தெரியவில்லை. கீழே தூரத்தில் யானை பிளிறியது, மரங்கள் ஒடிந்தன. பக்கத்துச் சரிவில், காற்றுக்கு விலகித் தூரத்தில், 'பாங்' என்று கத்திக்கொண்டு மிளா ஓடியது. இவ்வளவு நேரமும் அது அங்கே நின்றிருக்கிறது.

நான் இறங்கவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன்.

"இருக்கேன் மாப்ள," என்று பெரணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "கத்தாதீரும். கீழ நாலு யானை."

உருண்டு இறங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தார். கம்பளி தலையில்தான் இருந்தது. தலையைத் தடவினேன், காதைத் தடவினேன், கழுத்தைத் தடவினேன். ரத்தம் இல்லை. கொங்காணியின் கூரான உச்சியில் இரண்டு ஓட்டை.

"ஏன் தட்டலை?"

"தட்டவா? ஆவி பறக்கற யானைச் சாணிப் பிண்டத்துல காலை வச்சிட்டேன். பக்கத்துலயே நிக்குது. தட்டினா என்னைய மிதிச்சிருக்கும். மூச்சு விடாம குனிஞ்சே ஏறி வந்தேன்."

"கம்பளி?"

"குளிருச்சு மாப்ள."

அவர் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கை எப்ப அவுத்தீரு?"

"வந்து உக்காந்ததும்."

"நல்லா அவுத்தீரு," என்றார். கொஞ்சம் கழித்து, "மருமகளுக்கு முந்தி எனக்கு மொட்டை போடப் பாத்தீரே," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் மனைவி கம்பளியைப் பிழிந்து அடுப்புக்கு மேலே போட்டாள். போடும்போது ஓட்டையைப் பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள்.

"முள்ளு கிழிச்சிருச்சு," என்றார் மச்சான்.

"இது என்ன முள்ளு? வெட்டினாப்புல ரெண்டு ஓட்டை."

அவள் என்னைக் கேட்கவில்லை. சோறு போட்டாள். அண்ணனுக்கு முதலில் போட்டாள்.

அடுத்த ஞாயிறும் மழை. லயத்து வாசலில் சாக்கைக் கட்டி, அதற்கடியில் மச்சான் பலகையில் உட்கார்ந்தார். தோளில் அதே கம்பளி. உச்சியில் அவள் சேலையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. பிள்ளை மாமன் மடியில் துள்ளியது. நாவிதர், "ஆடாமப் பிடிங்க," என்றார். மச்சான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கத்தி இறங்கியது. நான் பார்க்காமல் கருவாட்டுக் குழம்பைக் கிண்டப் போனேன். கறிக்குப் பதில் அன்றைக்கு அதுதான்.

மொட்டை முடிந்து சந்தனம் பூசிய பிறகு அவள் பிள்ளையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் வந்தாள்.

"அண்ணன் இனிமே வேட்டைக்கு வராது," என்றாள். "போறதுன்னா நீங்க தனியாப் போங்க."

சரி என்றேன்.