புவெனஸ் அயர்சுக்கு ஒரு கம்பளிக் கோட்டு

1

ஜூலை மாதம். சிசிலித் தீவில், பலெர்மோ விமான நிலையத்தில் செக்-இன் வரிசை. எல்லோரும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்க, பிலோமினா அக்கா மட்டும் முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டு, மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு நின்றார். மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

கவுண்டர்ப் பெண் பாஸ்போட் கேட்டாள். அக்கா வேலை செய்யும் வீட்டுக்காரக் கிழவி, சிஞ்ஞோரா கார்மேலா, தன்னுடையதை நீட்டினார். அக்கா அசையவில்லை.

"அக்கா, பாஸ்போட்டைக் குடுங்கோ" என்றேன் நான்.

"இருக்குது தம்பி."

"எங்கை?"

"கோட்டுக்குள்ளை."

"எந்தப் பொக்கற்றிலை?"

"பொக்கற்றிலை இல்லை. முதுகிலை. உள்துணிக்குள்ளை வைச்சுத் தைச்சுப் போட்டன்."

கவுண்டர் மூட இருபத்தைந்து நிமிடம் இருந்தது. குற்றவாளி யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்தான்.

2

தொண்ணூறுகளின் நடுவில், பலெர்மோவின் பழைய பகுதியான போர்கோ வெக்கியோவின் வாசலில் இருந்த ஒரு டிராவல் ஏஜென்சியில் எனக்கு வேலை. நிலம் துடைக்கப் போனவன். கொழும்புக்கு ரெலிபோனில் ஆங்கிலம் கதைக்க ஆள் தேவைப்பட்டதால், முதலாளி பினோ துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுக் கதிரையைக் காட்டினார்.

எங்கள் சனத்துக்குக் கொழும்பு ரிக்கற் போடுவேன். சிசிலிக்காரருக்குப் பெரும்பாலும் புவெனஸ் அயர்ஸ். அந்தக் காலத்தில் கப்பலேறிப் போன ஒரு சித்தப்பாவாவது, பெரியம்மாவாவது இல்லாத ஒழுங்கை பலெர்மோவில் குறைவு.

நான் அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் போய் வந்த ஒவ்வொருவரையும் கோப்பி கொடுத்து இருத்தி, துருவித் துருவிக் கேட்பேன். அவர்கள் வாயிலிருந்து உதிர்ந்ததைக் கூட்டிச் சேர்த்தே எனக்கென்று ஒரு நகரம் கட்டினேன். அதன் தெருக்களில் நடந்தபடியே தூங்கிப்போன மத்தியானங்கள் உண்டு. முதலாளி சிரிப்பார்; என் பெயரைச் சுருக்கி அந்தோ என்றுதான் கூப்பிடுவார். சிசிலியனில் அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்: "அந்தோ, இஞ்சை வந்த பிறகு மெசீனாவைக்கூடத் தாண்டாத ஆள் நீ. கதையைக் கேட்டால் அங்கை பிறந்தவன் மாதிரி!"

ரிக்கற்றோடு ஒரு தாளும் கொடுப்பேன். ஜூலையில் அங்கே குளிர்காலம், தடித்த கோட்டு வேண்டும். விமான நிலையம் ஊருக்கு வெளியே வெகு தூரம். வாசலில் கையைப் பிடித்து இழுப்பவரோடு போகாமல், உள்ளே கவுண்டரில் கார் பதிந்து போகவும். பஸ்ஸில் ஏறுமுன் சில்லறை கையில் இருக்கட்டும். அங்கே இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு முன் வராது, ஐந்து மணிக்கே ஏதாவது தின்று வைக்கவும். மழை விட்ட பிறகு நடைபாதைக் கல்லைப் பார்த்து மிதிக்கவும். ஆடும் கல் முழங்கால் வரை சேற்றைத் துப்பும். "உங்கள் உடுப்பில் கறை" என்று சொல்லித் துடைக்க வருபவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே நடக்கவும். ஒருவன் துடைப்பான், மற்றவன் பையோடு போவான்.

கடைசி வரி: பாஸ்போட்டை உடம்போடு வைத்திருக்கவும், ஒரு நிமிடமும் பிரியக்கூடாது.

சிசிலிக்காரர் இந்த வரிக்குச் சிரிப்பார்கள். "பலெர்மோக்காரனுக்கே கள்ளனைப் பற்றிப் படிப்பிக்கிறியோ?" என்பார்கள். பிறகு பாஸ்போட்டை உள் பொக்கற்றில் போடுவார்கள். அவ்வளவுதான்.

3

சிஞ்ஞோரா கார்மேலாவுக்கு எழுபத்தெட்டு வயது. தையல்காரியாக இருந்து ஓய்ந்தவர். பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், மூன்றாம் மாடியில் வீடு. தங்கை நுன்சியா கலியாணம் கட்டிப் புவெனஸ் அயர்சுக்குக் கப்பலேறி நாற்பது வருடத்துக்கு மேல். அதன் பிறகு இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இனி எழும்பி நடக்க முடியாது என்று தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. சிஞ்ஞோராவின் பிள்ளைகள் கூடப் போகத் தயாராய் இருந்தார்கள். கிழவி ஒரே சொல்லில் முடித்தார்: "பிலோமினா வந்தால் போவன். இல்லாட்டிப் போகேல்லை."

அக்கா மன்னார்ப் பக்கம். ஆறு வருடமாய் அந்த வீட்டில் வேலை. இங்கே தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ புதுப்பித்து வந்திருந்தது, விசாவும் குத்தியாயிற்று. தாளை அக்காவுக்காகத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

"விளங்கினதோ அக்கா?"

"ஓம் தம்பி, நல்லா விளங்கினது."

அந்த "நல்லா"வில் நான் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

4

கோட்டைக் கழற்றிக் கவுண்டரில் விரித்தோம். சாதாரண நூல் என்றால் பல்லால் கடித்திருப்பேன். அக்கா தங்கூசியால் தைத்திருந்தார், வலைக்காரர் பாவிக்கும் நைலோன் நூல். அதுவும் இரட்டை வரிசை. கவுண்டர்ப் பெண் கொடுத்த சின்னக் கத்தரிக்கோல் வழுக்கி வழுக்கி வந்தது. நான் துணியைப் பிடித்துக் கிழிக்கப் போனேன்.

"கையை எடு!" என்று கத்தினார் சிஞ்ஞோரா. "அது நான் தைச்ச கோட்டு!"

வரிசை பொங்கத் தொடங்கியது.

"என்ன, கலியாண உடுப்போ தைக்கினம் அங்கை?"

"எனக்கும் ஒரு களுசான் அளவெடுக்கச் சொல்லு!"

கவுண்டர் மூட இன்னும் பதினைந்து நிமிடம். அக்கா போகாவிட்டால் கிழவியும் போகமாட்டார். அங்கே கட்டிலில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பின்னால் நின்ற ஒருவர் புகைத்துக்கொண்டிருந்தார்; அப்போது எங்கேயும் புகைப்பார்கள். அக்கா அந்தச் சிகரட்டையே பார்த்தார்.

"தம்பி, அந்தாளின்ரை சிகரட்டைக் கேள்."

"இப்ப என்னத்துக்கு அக்கா?"

"கேளடா! எங்கடை அப்பா தங்கூசியைக் கத்தியாலை வெட்டினதே இல்லை. சுருட்டாலைதான் அறுப்பார்."

கேட்டேன். மனிதர் ஒரு கடைசி இழுப்பு இழுத்துவிட்டு நீட்டினார். சிஞ்ஞோரா இரண்டு விரலால் உள்துணியைக் கம்பளியிலிருந்து தூக்கி இழுத்துப் பிடித்தார். அக்கா நெருப்பு நுனியைத் தையலில் வைத்தார். நைலோன் சுருண்டு விலகியது. அடுத்தது. அதற்கடுத்தது. முதல் கேலி பண்ணிய ஆள் எண்ணத் தொடங்கினார், பிறகு வரிசை முழுவதும் எண்ணியது. "ஏழு! எட்டு!"

பொலிஸ்காரர் ஒருவர் விறுவிறுவென்று வந்தார். "இங்கை என்ன புகை?"

சிஞ்ஞோரா தலை நிமிரவில்லை. "மகனே, நிண்டு கேள்வி கேக்காமல் அந்தக் கையை இழுத்துப் பிடி."

அவர் கோட்டின் கையைப் பிடித்தார். பதினாறாவது தையலில் பலசரக்குக் கடைப் பை ஒன்று தெரிந்தது. உள்ளே பாஸ்போட், பெர்மெஸ்ஸோ, ஒரு மாதா படம். எல்லாம் இளஞ்சூடாய், அடுப்பிலிருந்து எடுத்த பாண் மாதிரி.

வரிசை கைதட்டியது. பெட்டிக்குத் துண்டு ஒட்டும் இடைவெளியில் அக்கா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "ஊரிலையிருந்து இஞ்சை வரேக்கை, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் பதினொரு பேரின்ரை பாஸ்போட்டையும் வாங்கினவன். பிறகு ஆளே இல்லை. ஏழு மாசம், பெயரில்லாமல் ஒரு அறையுக்கை கிடந்தனான். நீ ஒரு நிமிஷமும் பிரியக்கூடாது எண்டு சொன்னனீ. நான் எப்பிடித் தம்பி பொக்கற்றை நம்புறது?"

முதுகு பிளந்த கோட்டோடு அக்கா ஓட, பின்னால் கிழவி "நட, நட" என்று விரட்டிக்கொண்டு போனார்.

5

நாலாம் நாள் ஏஜென்சிக்கு ரெலிபோன் வந்தது.

"தம்பி, இஞ்சை சரியான குளிர். கோட்டைச் சிஞ்ஞோரா திருப்பித் தைச்சுத் தந்திட்டா."

"சகோதரியள் கண்டவையோ? அழுதவையோ?"

"எங்கை அழுதது! தாயின்ரை தையல் மிசினை ஆர் வித்தது எண்டு வந்த உடனை சண்டை. இப்ப ஒரே கட்டிலிலை ரெண்டும் குறட்டை. சத்தம் கேக்குதோ? இந்தா, கேள்."

ரிசீவரில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறது என்று சொன்னேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாய் வருகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். விளங்கினதோ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓம் என்பார்கள். காட்டுங்கோ என்று கேளுங்கள். ஒரே வரியைக் கேட்டு ஒருவர் சட்டைப் பொக்கற்றைத் தடவுகிறார், ஒருவர் பட்ட காயத்தைத் தடவுகிறார். அது எது என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.

மறு கிழமை புவெனஸ் அயர்ஸ் ரிக்கற்றுக்கு, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு கனவான் வந்தார். கழுத்தில் ரை கட்டி, தலையில் தொப்பி, சப்பாத்து மினுங்க. கடைசி வரியை வாசித்துவிட்டு, "பாஸ்போட் எங்கை வைப்பீங்கள், ஒருக்கால் காட்டுங்கோ" என்றேன்.

முகம் சிவந்தது. அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார். பாஸ்போட் வழுக்கைத் தலையில் அமைதியாய்ப் படுத்திருந்தது.

"ஏன்," என்றார், "அங்கை காத்து அடிக்குமோ?"