கடலடிக் கம்பியும் லயத்துக் காம்பராவும்

இன்று குண்டசாலைச் சந்தியில் ரோட்டுக்குத் தார் காய்ச்சும் மணம் மூக்கில் ஏறியதும், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்து, இப்போது தரைமட்டமாகிவிட்ட ஒற்றையறை லயத்துக் காம்பராவும், ஜப்பான் சண்டைக் காலத்தில் அப்பாவின் கையில் காய்ந்திருந்த தாரும் நினைவுக்கு வந்துவிட்டன. எனக்கு அப்போது ஏழு வயது. ஜப்பான்காரனின் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க, திருகோணமலைக் கடலடியில் தார் பூசிய கம்பி இழுக்கத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைதான் அப்பாவை அனுப்பினார். கம்பிக்கு மேலே கப்பல் போனால் கரையிலிருக்கும் கருவியில் ஊசி ஆடும் என்று பெருமை பேசிக்கொண்டு மூன்று மாதம் கழித்து வந்தவரை, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி காம்பரா வாசலிலேயே மறித்தார்.

"வேலைக்கு வராததுனால தோட்டத்துப் பதிவுல ஒன் பேர வெட்டியாச்சு. ஆம்பள பேரு இல்லேன்னா காம்பரா கிடையாது."

"தொரதானேங்க அனுப்புனாரு?"

"அந்தத் தொர போயாச்சு. புதுத் தொரைக்கு நீ யாருன்னே தெரியாது."

காம்பராவைக் காலி செய்யச் சாமான் கட்டியதும் அம்மா எரிகிற அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள்.

"நாளைக்கு இந்தக் காம்பராவுக்குக் குடி வர்றவ என் நெருப்புல சோறாக்கக் கூடாது," என்றாள்.