கதிரைக்குப் பின்னால் நின்ற கோச்

நாவற்குடா கம்ப்யூட்டர் கேம் கடையில் ஒரே சட்டம்: ஆட்டத்தில் செத்தால் கதிரையை விட்டு எழும்ப வேண்டும், வரிசையில் அடுத்த ஆள் உட்காருவார்.

இன்றைய துப்பாக்கிச் சண்டையில் நான் சுவரோரமாக நகர்ந்து, எட்டிப் பார்த்து, குறி தப்பாமலிருக்கக் கால் நின்றபிறகே சுட்டுக்கொண்டிருந்தேன். கதிரைக்குப் பின்னால் ஒருவன் வந்து நின்றான்.

"என்ன தங்கச்சி, மூவ்மென்டே இல்ல. வெளியில பாய்ஞ்சு பாய்ஞ்சு ஓடுங்க. வெடி படாது."

"வாயப் பொத்துங்க" என்றேன். அவன் பொத்தவில்லை.

எரிச்சலில் ஒருமுறை பாய்ந்தேன். நான் சுட்டதெல்லாம் வானத்துக்குப் போனது. எதிரணி சுட்டது என் தலைக்கு வந்தது.

"ஐயோ பாவம், எழும்புங்க." வரிசையில் அடுத்தது அவன்தானாம்!

உட்கார்ந்தவன் பாய்ந்தானா? பல்லி மாதிரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்து, நின்று நின்று சுடுகிறான்.

நாளைக்கு அவன் கதிரைக்குப் பின்னால் நான் நிற்பேன். என்ன சொல்லிக்கொடுக்கலாம், சொல்லுங்கள்.