மூன்றாம் பாகமும் கவ்வாத்து மலையும்

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழையும் நிறைய வரும். தேயிலைச் செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கையில் பேனா சரியாக நிற்பதில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒரு படத்தைப் பற்றி. விண்வெளிக் கப்பல் படம். ஆறு பாகம் வந்துவிட்டது. முதல் பாகத்தை எல்லாரும் புகழ்வார்கள். மூன்றாம் பாகத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அந்த மூன்றாம் பாகம்தான் பிடிக்கும்.

கதை இதுதான். ஒரு பச்சைக் கிரகத்தில் கப்பல் பழுதாகி இறங்குகிறது. உள்ளே புருஷனும் பெண்சாதியும். அவள் சின்ன ஓடத்தை எடுத்துக்கொண்டு உதவி தேடிப் போகிறாள். ஓடத்தில் போக மட்டும், ஒரு பக்கத்துக்குத்தான் எண்ணெய். அவன் அடையாள விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். கடைசியில் கதவு திறக்கிறது, அவள் நிற்கிறாள். எண்ணெய் இல்லாமல் எப்படி வந்தாள் என்று யாரும் சொல்வதில்லை.

ஹட்டனில் சீடி வாங்கிவந்து, ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் நானும் என் மனைவியும் பார்த்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் கொழுந்து எடுக்கிறவள். பாதிப் படத்தில் என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இது தேயில மலைங்க!"

"வேற கிரகம்னு சொல்றான்."

"கிரகமாவது. நேத்து அந்தாளு நடந்தப்ப வெறும் குச்சி, கவ்வாத்து வெட்டுன மலை. ஒரு ராத்திரி தூங்கி எழும்புறான், மலை பூரா கொழுந்து நிக்குது. நீங்க கவ்வாத்துக்காரர்தானே, கண்ண எங்க வச்சிருந்தீங்க?"

"அவன் மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நல்லாப் பாத்தீங்க! அந்தப் பொம்பளைங்க கொழுந்து எடுக்குறதப் பாருங்க, முத்துன இலையயும் சேத்து உருவுறாளுங்க. நம்ம கங்காணி இருந்தா அத்தன பேருக்கும் அரைப்பேருதான்."

அரை நாள் சம்பளம்தான் அரைப்பேர். வேற்றுக் கிரகத்துக்காரிகளுக்கு அதைப் போட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரைக்கும் கேட்டது.

அதற்கு அடுத்த வருடம் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கூரை ஒழுகியது. அதை மாற்றுகிற அளவுக்கு உழைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். கூரை மாற்றி மூன்று வருடமாகிறது. புதுத் தகரத்தில் மழைச் சத்தம் பழையதைவிட அதிகம். அவள் இன்னும் வரவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. கூப்பிட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் என்ன பேசுவது?

ஞாயிறுதோறும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கிறேன். அவள் தோளைத் தட்டிய இடம் வந்ததும் நிறுத்துகிறேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. அவள்தான் எனக்கு அழைப்பு எடுப்பாள். போன மாதம் ஒரு வெள்ளியன்று சொன்னாள்.

"நாலு மாசத்துல ஒப்பந்தம் முடியுதுங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க மேடம். வர்ற வெள்ளிக்குள்ள சொல்லணும். நான் என்ன சொல்லட்டும்?"

"ஒன் இஷ்டம்."

பிறகு, "அந்தப் படத்த இன்னும் பாக்குறீங்களா?" என்றாள்.

"ம்."

"அப்பிடி என்னதான் இருக்கு அதுல? பூராவும் பிழை."

அவள் வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேள்விக்குப் பதில் தேடித்தான் படத்தைப் பார்த்தேன். பிழைகள் எல்லாம் அப்படியே இருந்தன. மிருக வேஷம் போட்டவனின் முதுகில் உடுப்பின் சிப் தெரிகிறது. இரண்டு ஆட்களுக்கு ஒரே ஆள் தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் புருஷன் நின்றுகொண்டே சாப்பிடுகிறான். மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, இருந்தும் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டு முடிக்கிறான். நானும் அப்படித்தான். மற்றப் பாகங்களில் எல்லாரும் ஓடுகிறார்கள், சுடுகிறார்கள். காத்திருப்பவன் எப்படிச் சாப்பிடுவான் என்று இந்தப் பாகத்தை எடுத்தவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் சிப் எங்கே தெரிந்தால் என்ன?

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். படத்தில் தினமும் ரேடியோவில் பெண்சாதி எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாள். அவன், "இங்கே எல்லாம் சரி" என்கிறான். படம் முழுக்க அதையேதான் சொல்கிறான். கதவு திறப்பதற்கு முந்திய காட்சியில் மட்டும், "எதுவும் சரியில்லை, வந்துவிடு" என்கிறான். இத்தனை தடவையும் நான் கதவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கூப்பிட்டதைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில், வெட்டிக்கொண்டிருந்த மலையிலிருந்து நானே அழைப்பு எடுத்தேன். பயந்துவிட்டாள்.

"என்னங்க? சொகமில்லையா? யாருக்கும் என்னமும் ஆச்சா?"

"கையெழுத்துப் போடாத. வந்துரு."

நான் கத்தியைத் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன்.

"எண்ணெ ஒரு பக்கத்துக்குத்தானே இருக்கு?" என்றாள்.

"வர்ற பக்கத்துக்குப் போதும்."

"கூப்புட இவ்வளவு நாளாங்க?" என்று திட்டினாள். மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "இப்ப எந்த மலையில நிக்கிறீங்க?"

"நம்ம லயத்துக்குப் பின்னால. வெட்டியாச்சு. வெறும் குச்சி."

"நான் வர்றப்ப கொழுந்து நிக்குமா?"

"நாலு மாசத்துல நிக்கும். ஒரு ராத்திரியில நிக்காது."

சிரித்தாள்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று அவள் கேட்டதற்குப் பதிலை அன்றைக்கும் நான் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவள் வருவதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன். குச்சிகளில் அரிசி அளவுக்கு முளை விட்டிருக்கிறது. மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

ஐப்பசி மாதம், தீபாவளி கழிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை.