தேதி மட்டும் விட்டிருந்த போஸ்டர்

சிவகாசியில் ஒரே அச்சகத்தில்தான் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். நான் கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்வேன்; என் வீட்டுக்காரர் அதை மெஷினில் ஓட்டுவார். மார்பில் புற்றுநோய் வந்து ஒன்றரை வருஷம் வீட்டோடு கிடந்தேன். இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, தீபாவளி சீசனுக்கு மறுபடி என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

முதல் நாளே, பழைய லேபிள் ஒன்றைத் தேடப்போய், என் பெயரில் ஒரு ஃபைலைப் பார்த்தேன். திறந்தால் ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் நான்.

இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. படத்தில் யாரையோ கை நீட்டித் திட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு படத்தை எடுத்து வைக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். மெஷின் ரூமுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“உசுரோட இருக்கவளுக்குப் போஸ்டர் போட்டு வச்சிருக்கீகளே, நீங்கள்லாம் மனுசனா?”

“டாக்டர் கையை விரிச்ச அன்னிக்குச் செஞ்சது, புள்ள. வேற யாராச்சும் செஞ்சா ரேஷன் கார்டு போட்டோவைப் போட்டுருவாக. உனக்குப் பிடிக்காதுல்ல?”

அவ்வளவு பெரிய கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கப் போஸ்டருக்கு ரோஸ் பார்டரா என்று தொழில் புத்தியில் கேட்கவும் செய்தேன். சரி, அழித்துவிடலாம் என்று பார்த்தால், அதற்குக் கீழே அவர் பெயரிலும் ஒரு ஃபைல் இருந்தது.

“அதைத் தொறக்காத” என்று என் கையைப் பிடித்தார்.

திறந்தேன். அதே ரோஸ் பார்டர். அவர் படம். தேதிக்கு அதே வெற்றிடம். ‘துயரத்தில் வாடும்’ என்ற இடத்தில் எங்கள் மகள் பெயர் மட்டும்.

“ரெண்டையும் ஒண்ணா ஓட்டிரலாம்னு...” என்றார்.

எனக்கு நோய் என்று சொன்ன அன்றுகூட நான் இப்படி ஆடிப்போனதில்லை. கஞ்சி ஆறிவிட்டது என்று எத்தனை நாள் இந்த மனிதரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்! எனக்கு அதை ஊட்டிக்கொண்டே, தானும் போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறார். மகளைக்கூட நினைக்கவில்லையே என்று பதறியது.

அவர் ஃபைலைத்தான் முதலில் அழித்தேன். பிறகு என்னுடையதை.

“நான் போனாலும் நீங்க இருப்பீகன்னு இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுங்க.”

“அதான் நீ இருக்கேல்ல, அப்புறம் எதுக்குச் சத்தியம்?” என்று மெஷினுக்குப் போய்விட்டார்.

இன்னும் பண்ணவில்லை. தினமும் காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து மறுபடியும் கேட்கிறேன்.